நாலு வூடு வரட்டும்

ஊரைப் பார்த்து வீடு கட்டியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டைக் கட்டிவிட்டு, ஊர் எப்போது வரும் என்று வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டைம்கீப்பர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடையில்கூட அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த வண்டி எப்போது வரும், எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்லிச் சொல்லி, குரல் அப்படியே தங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாலும், சேலம் போகிற பயணிகளுக்குச் சொல்கிற மாதிரிதான் கேட்பார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று எனக்கும் என் மனைவி வள்ளிக்கும் ஒரு பந்தயம் இருந்தது. கடைசிவரை தீர்ப்பு கிடைக்கவில்லை.

நான் அவரிடம் மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் ரோட்டில், கரும்பு வெட்டின கொல்லையைச் சமன் பண்ணி, கல் நட்டு, குபேரர் நகர் என்று பெயர் வைத்து மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கட்டுப்படியாகிற ஒரே நகர் அதுதான். அதிலிருந்தே குபேரரின் நிலைமையை நீங்கள் யூகித்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து இலவச வேன், மதியத்துக்குப் புளிசாதப் பொட்டலம். மனை வாங்குகிறோமோ இல்லையோ, பொட்டலம் நிச்சயம் என்று வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. நானும் வள்ளியும் அந்தக் கட்சிதான்.

மனைக்காரரின் ஆள் கையில் குச்சியோடு வெறும் மண்ணைச் சுற்றிக் காட்டினான். "இது பார்க்கு சார். அதோ அது வாட்டர் டேங்கு. இப்ப நீங்க நிக்கிறீங்களே, இது கல்யாண மண்டபம்" என்றான். கல்யாண மண்டபத்தில் நெருஞ்சி முள் குத்தி நான் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அத்தனை பெரிய பொட்டலில் ஒரே ஒரு வீடு. அதன் பக்கவாட்டில் நீளமாகக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தது. அம்மாடி, அது துணியா, ஜவுளிக்கடையா? புடவைகள், பாவாடைகள், பள்ளிக்கூட யூனிபார்ம், கைக்குழந்தையின் சட்டை, ஒரு கிழவரின் எட்டு முழ வேட்டி. கொடியைப் பார்த்தால் அந்த வீட்டில் நாலு தலைமுறை குடியிருக்க வேண்டும். வாசலில் டைம்கீப்பர் நின்றிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. நம்ம நகர்ல ஜனங்க எல்லாம் தங்கமான ஜனங்க. இன்னிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்கோ" என்றார், தியாகதுருகம் வரைக்கும் கேட்கிற மாதிரி.

வள்ளி கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொம்பளைங்க நிறைய பேரு இருக்காங்க போலக்குது. பேச்சுத்துணை இருக்கும்" என்று என் காதில் சொன்னாள். அவள் கழுத்திலும் காதிலும் இருந்ததெல்லாம் அன்றைக்கே மனையாக மாற ஆரம்பித்துவிட்டது.

வீட்டைக் கட்டி, பசுமாட்டை உள்ளே விட்டு, பால் காய்ச்சிக் குடிவந்தோம். முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் யாரும் தலைகாட்டவில்லை. இன்னும் கல்யாணத்திலிருந்து திரும்பவில்லை போல என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வள்ளி அடிபம்புக்குப் போனவள், குடத்தை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"யோவ், அந்தாளு தனியா குந்திக்கினு பாவாடை தொவைச்சிக்கினு இருக்காருய்யா" என்றாள்.

போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மச்சான் வீட்டிலிருந்து பழைய துணியாக வாங்கி வைத்திருக்கிறாராம். வாரா வாரம் வேன் வருவதற்குள் நனைத்துக் காயப்போட்டுவிடுவாராம். "காலி நகருன்னு தெரிஞ்சா எவன் தம்பி மனை வாங்குவான்? நீயே வாங்கியிருப்பியா?" என்றார்.

வாங்கியிருக்க மாட்டேன். அதைத்தான் நானும் சொன்னேன், சற்று உரக்கவே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, வாளியில் மீதியிருந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் பிழிந்து என் கையில் கொடுத்து, "அந்த ஓரமா மாட்டு. காத்துல பறக்காத மாதிரி" என்றார். மாட்டினேன். வேறு என்ன செய்வது? இருந்ததையெல்லாம் கொட்டிக் கட்டிய வீடு. விற்றுவிட்டு ஓடலாம் என்றால், வாங்க வருகிறவனுக்கும் இந்தக் கொடியைத்தானே காட்ட வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் தெரிந்தது. அவருக்கு மனைவி இருந்தார். பெயர் சரசு. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்து, வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை மூடுகிற நேரத்துக்கெல்லாம் கட்டுப்பட்டு, ஒரு சொந்த வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டதே அந்த அம்மாள்தான். இவரும் ரிட்டயர் ஆன கையோடு கட்டிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு வந்து வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்த சரசு அக்கா, "இங்க ஏன்னு கேக்க நாதி இல்ல. நாலு வூடு வரட்டும், வரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த காலோடு தியாகதுருகத்துக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து டைம்கீப்பருக்கு உலகத்தில் ஒரே வேலை, நாலு வீடு. வாரம் ஒருமுறை டவுன் பஸ் பிடித்து மனைவியைப் பார்க்கப் போவார். நாங்கள் குடிவந்த வாரம் அவர் போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் ஒரு டஜன் வாழைப்பழம். திரும்பி வரும்போது டிபன் கேரியரில் கருவாட்டுக் குழம்பு மட்டும் வந்தது.

"இன்னா சார் சொன்னாங்க?" என்றேன்.

"ரெண்டு நாலு ஆவட்டும்ன்றா" என்றார்.

இதற்கிடையில் குபேரர் நகர் குடியிருப்போர் நலச்சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார். அவர் தலைவர். நான் செயலாளர். உறுப்பினர்கள் இனிமேல் வருவார்கள். மாதக் கூட்டம் அவர் வீட்டு வாசலில் நடக்கும். ஆரம்பத்தில் விசில் ஊதுவார். எதிரே ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா?" என்பார். கேட்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் பேச ஆரம்பிப்பார். ஒருமுறை காய்ச்சலில் நான் போகாததால் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, போர்வைக்குள் கிடந்த என்னிடமே வந்து அதை அறிவித்துவிட்டுப் போனார்.

எந்தக் கூட்டத்திலும் கடைசியில் வந்து நிற்பது பஸ் விவகாரம். ரோட்டோரத்தில் வண்டி நின்றால் ஜனம் இறங்கும், இறங்கினால் மனை பார்க்கும், பார்த்தால் வாங்கும் என்பது அவர் கணக்கு. தினமும் காலையில் விசிலை எடுத்துக்கொண்டு போய் ரோட்டில் நிற்பார். எல்லா டிரைவருக்கும் அவரைத் தெரியும். மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் முந்தின ஸ்டாப்பில் இறங்கி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து வருவோம்.

"சர்வீஸ் பூரா நான் போன்னா போனவனுங்க தம்பி. இப்ப நில்லுன்னா ஒருத்தனும் நிக்க மாட்டேன்றான்" என்றார் ஒருநாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் மைக் இல்லை.

அந்த நாட்களில் வள்ளி பேசுவதையே குறைத்துவிட்டாள். நான் காலையில் கடைக்குப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவேன். அதுவரை அவளுக்கு நெருஞ்சி, காற்று, தூரத்தில் லாரிச் சத்தம். பாம்பு வந்தால் டைம்கீப்பர் வந்து விசில் ஊதுவார். பாம்புக்குக் காது கேட்காது என்று யாரோ சொல்லியும் கேட்கவில்லை. "பஸ்ஸுக்கே பயந்தவன் இல்ல, பாம்புக்கா பயப்படுவேன்" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்வார். இந்த வீட்டைக் கட்டி அவளைப் புதைத்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குச் சண்டை யோசனை உதித்தது. சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் மனை பார்க்க வருவதாகச் சேதி. துணி மட்டும் பத்தாது, சத்தம் வேண்டும் என்றார் டைம்கீப்பர்.

"ஒரு தெருன்னா குழாயடியில ஒரு சண்டை இருக்கணும் தங்கச்சி. அப்பத்தான் தெருன்னு நம்புவாங்க. அவங்க வர்ற நேரத்துக்கு நான் கொடத்த எடுத்துக்கினு வரேன். நீ என்னப் புடிச்சி ரெண்டு திட்டு திட்டு" என்று வள்ளியிடம் கெஞ்சினார். வள்ளி மாட்டேன் என்றாள். கடைசியில் அவர் முகத்தைப் பார்த்துச் சரி என்றாள்.

வேன் வந்தது. வாத்தியார் இறங்கினார். டைம்கீப்பர் அடிபம்பில் குடத்தை வைத்து, "இன்னா தங்கச்சி, நான்தான் மொதல்ல வந்தேன்" என்று வசனத்தை எடுத்துக் கொடுத்தார். வள்ளி ஆரம்பித்தாள். முதல் ஒரு வாக்கியம்தான் நாடகம்.

"மொதல்ல வந்தியா? நீ மொதல்ல வந்ததாலதான்யா நாங்க வந்து மாட்டிக்கினோம். பாம்பு, பூரான், ஒரு பஸ் நிக்குதா, ஒரு கடை இருக்குதா? ஒரு மனுச மூஞ்சி பாத்து எத்தினி நாளாச்சி தெரியுமா? பாவாடைய தொவைச்சிப் போட்டு எங்களக் கவுத்தியே, என் கம்மலு தோடெல்லாம் இந்தக் கல்லு முள்ளுல கெடக்குதே, நான் யாரப் போய்க் கேப்பேன்?"

சொல்லிக்கொண்டே அப்படியே பம்பின் மேல் சாய்ந்து அழுதுவிட்டாள். வாத்தியார் மனைவி கொடியில் பறந்த பாவாடையைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், இரண்டு பேரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். புளிசாதப் பொட்டலத்தைக்கூட வாங்கவில்லை.

டைம்கீப்பர் வள்ளியின் குடத்தை நிரப்பி எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். "ரொம்பத் தத்ரூபமா இருந்திச்சி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அப்புறம் ஒரு வாரம் விசில் சத்தமே இல்லை.

திருக்கார்த்திகை வந்தது. கள்ளக்குறிச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு சரசு அக்கா அன்று சாயங்கால பஸ்ஸில் போகிறார் என்று டைம்கீப்பருக்குத் தெரியவந்தது. மனிதருக்கு மறுபடியும் உயிர் வந்தது. மண்பானை செய்கிற வேளாரிடம் சொல்லிக் கூடை கூடையாக அகல் வாங்கினார். நகர் முழுக்க நட்டிருந்த மனைக்கல் ஒவ்வொன்றுக்கும் முந்தின நாளே சுண்ணாம்பு அடித்தார். ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஒரு விளக்கு.

"எல்லா வூட்லயும் வெளக்கு எரியிற மாதிரி இருக்கும் தம்பி. பஸ்ஸுல போறவளுக்கு தூரத்துல கல்லு தெரியாது, வெளக்குதான் தெரியும். நகர் பக்கமா ஜன்னலோரம் குந்தச் சொல்லி அனுப்பியிருக்கேன்" என்றார்.

வள்ளி முணுமுணுத்துக்கொண்டே திரி திரித்துக் கொடுத்தாள். பொழுது சாய்ந்ததும் நாங்கள் மூன்று பேரும் குனிந்து குனிந்து ஏற்றினோம். அந்தப் பக்கம் ஏற்றி முடிப்பதற்குள் இந்தப் பக்கம் காற்று அணைத்துவிடும். ஒருவழியாக எல்லாம் ஒன்றாக எரிந்தபோது, பொய் சொல்லக் கூடாது, எனக்கே ஒரு நிமிஷம் அது ஊர் மாதிரித்தான் இருந்தது. பார்க்கும், வாட்டர் டேங்கும், கல்யாண மண்டபமும் எல்லாம் அந்த வெளிச்சத்தில் இருந்தன.

ஆனால் ரோட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி இருந்திருக்கிறது. கல்லறைத் திருநாள் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. வரிசை வரிசையாக வெள்ளையடித்த குட்டைக் கல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு, நடுவில் தலையைக் குனிந்தபடி நடக்கிற ஆட்கள். யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? எத்தனையோ நாள் விசில் ஊதியும் நிற்காத டவுன் பஸ் அன்றைக்குத் தானாகவே வேகம் குறைந்து நின்றது. உள்ளே ஒன்றிரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இன்னா இது, இங்க எப்ப கல்லறை வந்திச்சி?" என்று கண்டக்டர் கேட்டாராம். அடுத்து நடந்ததை சரசு அக்காவே எங்களுக்குச் சொன்னார்.

"கல்லறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க குனிஞ்சிக்கினு நிக்கிறது எங்க வூட்டுக்காரரு. நான் எறங்கிக்கறேன்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

விளக்குகளுக்கு நடுவில் அந்த அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வந்ததை நான் பார்த்தேன். டைம்கீப்பர் தீப்பெட்டியோடு அப்படியே நின்றார்.

"வெளக்கு எரியுது இல்ல? எல்லா மனையிலயும்" என்றார்.

"எரியுது. வூடு எங்க?" என்றார் அக்கா.

அவர் அணைந்திருந்த ஒரு அகலுக்குக் குச்சி கிழித்தார். அக்கா அவர் கையைப் பார்த்தார். "கை பூரா சுட்டுக்கினு இருக்கீங்க. உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். தங்கை வீட்டுக்கு அன்று போகவில்லை. தம்பி வீட்டுக்கும் அதன்பிறகு திரும்பவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் சுபம். ஆனால் குபேரர் நகருக்கு அப்படியெல்லாம் கொடுத்துவைக்கவில்லை. மறுநாள் காலையில் அந்த கண்டக்டர் எங்கள் இடம் வந்ததும், "கல்லறையெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். பஸ் நின்றது. டைம்கீப்பர் எத்தனையோ நாள் கேட்ட ஸ்டாப் கிடைத்துவிட்டது. வாரம் ஒன்று போவதற்குள் எல்லா வண்டியும் நின்றது, எல்லா கண்டக்டரும் கல்லறை என்றார்கள். சுடுகாட்டுப் பக்கத்தில் எவன் மனை வாங்குவான்? ஞாயிற்றுக்கிழமை வேன் நின்றது, புளிசாதம் நின்றது. மனைக்காரர் வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனவர்தான், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

டைம்கீப்பர் தினமும் ரோட்டுக்குப் போய் ஒவ்வொரு கண்டக்டரிடமும் மல்லுக்கு நின்றார். "குபேரர் நகர்னு சொல்லுய்யா. வாய் வலிக்குமா?" என்பார். "சரிங்க சார்" என்று விசில் கொடுத்துவிட்டு, மறுநாளும் கல்லறை என்றுதான் சொல்வார்கள். வருஷங்கள் போயின. இரண்டு வீடு இரண்டாகவே இருந்தது. "நாலு வூடு எங்க?" என்று சரசு அக்கா தினம் ஒருமுறை அவரைக் கேட்பார், சாதம் போடும்போது கேட்பார், அடிபம்பில் கேட்பார். அவர் காதில் விழாத மாதிரி விசிலைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பகல் முழுக்க அக்காவும் வள்ளியும் அவரைத் திட்டியே பொழுதைப் போக்கினார்கள். அந்தத் திட்டில்தான் வள்ளி பிழைத்தாள்.

டைம்கீப்பர் போனது ஒரு ஐப்பசி மழையில். முந்தின நாள் கூட்டம் போட்டு, எதிர்காலத்தில் தெருவிளக்கு எங்கெங்கே வர வேண்டும் என்று என்னிடம் பேசினார். மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. நகருக்குள் சேறு கணுக்காலுக்கு மேல். சொல்லிவைத்த வண்டி ரோட்டைவிட்டு இறங்க முடியாது என்று சொல்லிவிட்டது. ரோடு வரைக்கும் தூக்கித்தான் போக வேண்டும். நானும் அக்காவின் தம்பியும் இரண்டு தோள். வந்திருந்த மற்ற சொந்தமெல்லாம் தாங்களே யாராவது பிடித்துக்கொண்டால்தான் நடக்க முடிகிற வயசு. நாலு வீட்டுக்குக் காத்திருந்த மனிதருக்கு நாலு தோள் இல்லை. அவரை நடுவில் வைத்துக்கொண்டு மழையில் நின்றபோது, அந்த நகரையும், அதைக் காட்டின குச்சியையும், மொத்தமாகக் கொளுத்திவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அப்போது டவுன் பஸ் வந்தது. "கல்லறை" என்று கூவிய கண்டக்டர் பாதியில் நிறுத்தினார். கல்லறை என்ற பெயரை முதலில் வைத்த அதே ஆள்தான், இப்போது தலை நரைத்திருந்தது.

"டைம்கீப்பரா?" என்றார்.

தலையாட்டினேன். அவர் தோள்பையைக் கழற்றி முன்சீட்டில் இருந்த ஒரு அம்மாளின் மடியில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். பின்னால் பயணிகளும் பத்துப் பதினைந்து பேர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனோம். அன்று அந்த வண்டி ரொம்ப லேட். கேட்க வேண்டிய ஆள் எங்கள் தோளில் இருந்தார்.

இப்போது வந்து பாருங்கள், குபேரர் நகரில் கால் வைக்க இடமில்லை. பெயர் கெட்டுப்போனதால் சுற்றுவட்டாரத்தில் விலை ஏறியும் இங்கே மட்டும் ஏறவில்லை. வேறெங்கும் வாங்க வக்கில்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள், கரியாலூரிலிருந்து மலையிறங்கி வந்த இரண்டு குடும்பம். கல்லறை என்கிறார்களே, பயமில்லையா என்று ஒருவரைக் கேட்டேன். "வாடகை வூட்டுக்காரன விடவாங்க பேய் மோசம்?" என்றார். கொடி கொடியாகத் துணி காய்கிறது, எல்லாம் உடுத்துகிற துணி. அடிபம்புப் பக்கம் போக முடியவில்லை, அவ்வளவு சண்டை. இன்னும் நாலு வருஷம் இருந்திருக்கலாம் மனுஷன்.

போன மாதம் புதுச் சங்கத்துப் பையன்கள் வந்தார்கள். ஸ்டாப் பெயரை மாற்றச் சொல்லி மனு கொடுக்கப் போகிறார்களாம். பழைய ஆட்கள் என்பதால் முதல் கையெழுத்து நானும் சரசு அக்காவும் போட வேண்டும் என்றார்கள். நியாயம்தான். அவரும் கடைசிவரை அதற்காகத்தானே கத்தினார். பேனாவை வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

அக்கா முறத்தில் இருந்த அரிசியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அந்தப் பேரு இருக்கட்டும் தம்பி. அதுக்குத்தான் வண்டி நின்னுச்சி. நானும் அங்கதான எறங்குனேன்" என்றார்.

பேனாவை மூடிப் பையனிடம் திருப்பிக் கொடுத்தேன்.